ஒரு இறக்கை தேய்ந்த ஸ்க்ரூ

ஓய்வுபெற்ற தபால்காரரும் அவர் மனைவியும் கடைக்கு வந்த நாளிலிருந்துதான் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கையில் ஒரு விளையாட்டு லாரி இருந்தது. ரிமோட்டில் ஓடுவது, ஒரு முழ நீளம். அதன் அடித்தட்டில் இருந்த நாலு ஸ்க்ரூவும் தலை மழுங்கிப் போயிருந்தன. கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி.

"முப்பது வருஷம் அடுத்தவங்க கடுதாசியப் பிரிக்காமக் குடுத்த மனுஷன்மா இவரு," என்றார் மனைவி. "ரிட்டயரானதும் எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும்னு வெறி வந்துருச்சு. போன வாரம் மிக்சி. அதுக்கு முந்தின வாரம் என் மூக்குக்கண்ணாடி. இப்ப பேரப்பிள்ளைக்கு வாங்கினதையும் விடல."

தபால்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பெரிதாக்கும் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு நாலு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது இவர் கையால ஆனது இல்லம்மா," என்றாள். "கம்பெனிக் கோளாறு. இரும்பு சரியில்ல. யார் திருகியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

அந்த மனிதரின் முதுகு நிமிர்ந்ததை நான் என் இஸ்திரி மேசையிலிருந்து பார்த்தேன்.  போகும்போது, அக்கா புது ஸ்க்ரூ போட்டுக் கொடுத்த லாரியை அந்த அம்மாவே கையில் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் கேட்டேன். "நிஜமாவா அக்கா?"

"கூர்மூக்குத் திருப்புளிய வச்சுத் திருகியிருக்காரு. பத்தாததுக்குச் சுத்தியால வேற தட்டியிருக்காரு. ரெண்டு தடவ கை வழுக்கியிருக்கு. ரெண்டாவது தடவ கோவத்துல."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

அக்கா மேசைமேல் கிடந்த இரும்புத் தூளை ஊதிவிட்டாள்.  எதற்கு அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்க மூன்று வருஷம் ஆனது.

எங்கள் இடம் ஒரே அறைதான். நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். தெருப் பக்கத்துப் பாதியில் நான் துணி தேய்க்கிறேன். உள்பக்கத்துப் பாதியில் அக்கா. அவளிடம் போகிறவர் யாரானாலும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழியும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. பலகை கூரை வரைக்கும் எட்டாததால் அவள் பக்கத்துச் சத்தம் எல்லாம் என் தலைக்கு மேலே வந்து விழும். இந்த விவரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

வாசலில் 'தேய்ந்த ஸ்க்ரூ எடுத்துத் தரப்படும்' என்று அக்காவே எழுதிய பலகை தொங்கியது. எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் அதைப் பார்க்கும்போதெல்லாம், "என் மச்சானக் கூட்டிட்டு வரேன், அவனுக்கும் ஒண்ணு லூசு," என்பார். "கூட்டிட்டு வாங்க. முதல்ல தலைய வெட்டித்தான் எடுப்பேன், சம்மதமான்னு கேட்டுக்குங்க," என்பாள் அக்கா. எல்லாருக்கும் அவள் ஸ்க்ரூ அக்காதான். அவள் பேரை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். "இதுவே போதும்மாடி," என்றாள்.

அம்மாடி. என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் அவளைவிட எட்டு வயசு சின்னவள். மற்றவர்களாக இருந்தால் தங்கச்சி என்று கூப்பிட்டிருப்பார்கள். அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை வெகு நாள் வரைக்கும் நான் கேட்டதே இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பொட்டல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் சின்னச் சின்ன ரிமோட் கார்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். ஒன்றோடொன்று பந்தயம் விடுவார்கள், புழுதியில் உருட்டுவார்கள், உடைப்பார்கள். வீட்டுக்குப் போய்த் தாங்களே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்து ஸ்க்ரூத் தலையைத் தேய்த்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் அக்காவிடம் கொண்டு வருவார்கள்.

அவள் வேலை செய்வதைப் பார்த்தால் வைத்தியம் பார்ப்பது போலிருக்கும். முதலில் ஊசியால் குழியில் இருக்கும் புழுதியைக் கிண்டி எடுப்பாள். ரப்பர் பேண்டை ஒரு நகத்தளவு வெட்டி, ஸ்க்ரூத் தலைமேல் போட்டு, அதன்மேல் திருப்புளியை வைத்து உடம்புப் பாரம் முழுக்க அழுத்துவாள். அப்புறம், பார்க்கிறவர்கள் எல்லாரும் பதறுகிற மாதிரி, கழற்றுகிற பக்கம் திருப்பாமல் ஒரு மயிரிழை இறுக்குவாள். "இன்னும் கொஞ்சம் இறுக்குனாத்தான் அதுக்குப் பயம் போகும். அப்புறம் தானா விடும்," என்பாள். விடாவிட்டால் பற்றவைக்கும் கம்பியின் சூட்டைத் தலையில் காட்டி உள்ளே இருக்கும் பசையை இளக்குவாள். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய ரம்பத்தால் தலையில் ஒரு கோடு அறுத்து, தட்டை வாய்த் திருப்புளியால் எடுப்பாள். கடைசி வழிதான் தலையைத் துளைத்து எறிவது. அதை வருஷத்துக்கு ரெண்டு தடவைகூடச் செய்யமாட்டாள்.

எனக்கு அவள் வேலையின் சத்தம் அத்துப்படி. கழற்றினால் ஒரு கிறீச், அப்புறம் அவள் விடும் மூச்சு. புது ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் சத்தமே இருக்காது. திருப்புளியை நேர்மேலே பூ எடுக்கிற மாதிரி எடுத்துவிடுவாள்.

தபால்காரர் வந்து போன மூன்றாவது வருஷம், ஒரு மத்தியான வேளை. வெயிலில் தெரு காலியாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதுச் சத்தம் கேட்டது. காய்ந்த குச்சியை ஒடித்தது போல ஒரு டக். கொஞ்சம் விட்டு இன்னொரு டக். ஏதோ புதுக் கருவி வாங்கியிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு சட்டைக் காலரை மடித்தேன். அந்த மாதத்தில் நாலைந்து தடவை கேட்டிருப்பேன். எப்போதும் மத்தியானத்தில்தான். எப்போதும் அவள் பக்கம் ஆள் யாரும் இல்லாதபோதுதான்.

திங்கட்கிழமை தவறாமல் தன் ரிமோட் காரோடு வருகிறவர் பல் டாக்டர். அவரும் அக்காவும் பேச ஆரம்பித்தால் நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்பேன்.

"என்ன டாக்டர், இந்த வாரம் எத்தன சொத்தை?"

"மூணு. அதுல ஒண்ணு வேரோட போயிருச்சு. அக்கா, உங்க கைய எங்க கிளினிக்குக்குக் கொஞ்சம் இரவல் குடுங்க. நான் பிடுங்குனா ஊரே கேக்குற மாதிரி கத்துறாங்க."

"என் ஆளுங்களுக்கு வாய் கிடையாது டாக்டர். அதான் எனக்கு நல்ல பேரு."

இரண்டு ஸ்க்ரூ கிறீச் என்று வந்தது. மூன்றாவதுக்குச் சத்தம் வரவில்லை. வெகு நேரம் வரவில்லை. அப்புறம் அக்காவின் குரல் கேட்டது. 

"இத யார் இறுக்குனது?"

"நான்தான். வேற யாரு?"

"நீங்க வலது கைக்காரர். இது இடது கை. அதுவும் இது போன மாசம் நான் போட்ட ஸ்க்ரூ. நீங்க தொட்டீங்களா இல்லையா, உண்மையச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லக்கா. நீங்க குடுத்தப்புறம் அந்தப் பக்கத்தத் தொறக்கவே இல்ல. பேய்தான் இறுக்கியிருக்கும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்ன ஜெயிக்க விடாமப் பண்றதும் அதுதான்."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்த ஸ்க்ரூவை அவரிடம் திருப்பித் தரவும் இல்லை.

அன்று சாயங்காலம் கடையைக் கட்டும் முன் அக்கா என் பக்கம் வந்து, சூடு ஆறாத பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு இருமல் மிட்டாய் டப்பா. அதற்குள் பஞ்சு. பஞ்சில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று துருவேறிப் பழுப்பாக இருந்தது. இன்னொன்று பளபளத்தது.

"இந்தக் கண்ணாடிய வச்சுப் பாரும்மாடி."

பார்த்தேன். கூட்டல் குறிக்கு நாலு இறக்கை இருக்கிறதே, அதில் மூன்று முழுசாக இருந்தன. நாலாவது இறக்கை மட்டும் எலி கொறித்தது போல இடது ஓரம் தேய்ந்து கிடந்தது. பழையதிலும் அப்படித்தான். புதியதிலும் அப்படித்தான். கொறித்த அளவுகூட ஒன்றே.

"பழசு என் கூடப் பிறந்தவ இறுக்குனது," என்றாள் அக்கா. "பத்தொம்பது வருஷம் ஆச்சு."

அப்போதுதான் சொன்னாள். அக்காவும் அவள் கூடப் பிறந்தவளும் சின்ன ரேடியோ பூட்டும் ஒரு தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தபின் இருவரும்தான் குடும்பம். ரேடியோ வரிசையாக நகர்ந்து வரும். முதல் மூன்று ஸ்க்ரூ சின்னவளுடையது, நாலாவது அக்காவுடையது. சின்னவள் இடது கைக்காரி. வேகக்காரி, வாயும் கையும் ஓயாது. இறுக்கி முடித்ததும் திருப்புளியை நேரே எடுக்காமல் குச்சியை ஒடிப்பது போல ஒரு சாய்ப்புச் சாய்த்து எடுப்பாள். டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சாய்ப்பில் இறக்கை ஒன்று சேதமாகும். பின்னால் எவராவது கழற்ற நேர்ந்தால் கழற்ற முடியாது.

"எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேன். கேக்கமாட்டா. நானே அவளோடதயும் சேத்து ஒரு பார்வ பாத்து மாத்திப் போட்டுருவேன். ஒரு நாள் எனக்கு உடம்பு முடியல, கவனிக்கல. ஒரு தட்டு முழுக்கத் திரும்பி வந்துருச்சு. மேஸ்திரி ரேடியோவக் கொண்டாந்து என் முன்னாடி வச்சு, இது யார் கைன்னு கேட்டாரு. எல்லாரும் பாத்துட்டு நிக்கிறாங்க. அவ என்னப் பாத்துச் சிரிக்கிறா. எப்படியும் அக்கா சமாளிச்சுருவான்னு நெனப்பு."

அக்கா டப்பாவை மூடினாள்.

"என் கை இல்ல, இது அவ கைன்னு சொல்லிட்டேன். எந்த ஓரம் தேஞ்சிருக்கு, எப்படித் தேயும்னு விளக்கம் வேற குடுத்தேன். அங்கேயே அவளுக்குக் கணக்கு முடிச்சு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சுது. கேட் வரைக்கும் போனா. மணி முடிஞ்சா கேட்ட மூடிருவாங்க. நான் உள்ளேயே நின்னேன். வீட்டுக்கு வந்து சமாதானம் பண்ணிக்கலாம்னு நெனச்சேன். வீட்டுக்கு அவ வரல."

தேடாத இடமில்லை, கேட்காத ஆள் இல்லை. செத்தாளா இருக்கிறாளா என்ற ஒரு செய்தி இன்றுவரை இல்லை. தொழிற்சாலையும் மூடிவிட்டது. சின்னவளுக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான் என்று அதே வீட்டில் அக்கா குடியிருந்தாள். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் சின்னவள் எங்கே இருக்கிறாள் என்ற ஒரு வார்த்தை. அது கிடைத்தால் போதும்.

தபால்காரரை அன்றைக்கு ஏன் அப்படிக் காப்பாற்றினாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"இப்ப இது எப்படி வந்துச்சுன்னு சொல்லு," என்றாள், பளபளத்ததைக் காட்டி. 

அதற்கப்புறம் அது நின்றபாடில்லை. தபால்காரர் லாரியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தார். அக்கா புதிதாகப் போட்டுக் கொடுத்த நாலில் ஒன்று இறக்கை கொறிபட்டு இருந்தது. "அவர் கையக் கட்டிப்போடாத குறையா வச்சிருக்கேன்மா," என்று அவர் மனைவி அடித்துச் சொன்னார். அடுத்த வாரம் அக்காவின் தலைக்கு மேலே சுவரில் இருக்கும் சுவிட்சுப் பலகை. அதில் ஒரு ஸ்க்ரூ. காலையில் சரியாக இருந்தது, சாயங்காலம் கொறிபட்டிருந்தது. அன்று முழுக்க அவள் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. நான்தான் வாசலில் இருந்தேனே.

"கிட்ட வருது பாத்தியா?" என்றாள் அக்கா. பயந்து சொல்லவில்லை. பேருந்தில் வருகிறவரை எதிர்பார்த்து நிற்பவர் சொல்வது போலச் சொன்னாள். 

டப்பாவில் ஸ்க்ரூக்கள் ஆறாகின. வேலைக்கு வரும் வண்டிகளில் முதலில் அதைத்தான் தேட ஆரம்பித்தாள். கழற்ற வேண்டாத ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே வீட்டுக்குப் போனது. நான் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு பிரார்த்தனை என்று வைத்துச் சொல்லிக்கொண்டே தேய்ப்பவள். அந்த நாட்களில் எல்லாச் சட்டையும் அக்காவுக்கே போனது.

செவ்வாய்க்கிழமை ஒன்று. தேய்த்த துணியை அடுத்த தெருவில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். உச்சி வெயில். எதிர்க்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். என் மேசையில் இஸ்திரிப் பெட்டியைக் காணவில்லை. வயர் பிடுங்கிக் கிடந்தது.

டக்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பெட்டி அவள் மடியில் இருந்தது. அதன் கைப்பிடி கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்ததும், இறுக்கித் தருகிறேன் என்று அவள் தள்ளிப்போட்டதும் உண்மைதான். ஆனால் திருப்புளி இடது கையில் இருந்தது. அக்கா இடது கையால் ஒரு டம்ளர்கூடத் தூக்கி நான் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கை பிறந்ததிலிருந்து அதையே செய்தது போலச் சுற்றியது. முடிவில் ஒரு சாய்ப்பு. டக்.

"அக்கா," என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

திரும்பினாள். அதே முகம்தான். ஆனால் கண் என்மேல் நிற்காமல், என்னைத் தாண்டி வாசலைத் தேடியது.

"அக்கா எங்க?" என்று என்னைக் கேட்டாள்.

குரல் மெல்லிசாக, அவசரமாக இருந்தது. நான் கேட்டேன்: "எந்த அக்கா?"

"கேட்ட மூடிருவாங்க. அக்கா வந்துட்டாளா?"

எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. "இப்ப வந்துருவா. நீ உக்காரு," என்றேன். அக்காவை ஒருநாளும் நீ என்று சொன்னவள் இல்லை நான். அவள் சமாதானமானது போலத் தலையாட்டினாள். மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்தாள். நான் பெட்டியை மடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டேன். 

அரைமணி கழித்து எழுந்து வந்தாள். "என்னம்மாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? தண்ணி குடி." அது அவளுடைய குரல். திருப்புளி வலது கையில் இருந்தது.

மறுநாள் காலை அவள் கண் கைப்பிடியில் விழுந்துவிட்டது. கண்ணாடியை இடுக்கிப் பார்த்தாள். நிதானமாக நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

"நேத்து என் பக்கம் யாராச்சும் போனாங்களா?"

"இல்லக்கா." நான் பார்த்தவரை அது உண்மை.

"இத இறுக்குனது யார் கைன்னு பாத்தியா?"

அவளைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு உண்மையைச் சொன்னவள் என் முன்னால் நிற்கிறாள். அந்த உண்மையில் அவள் பட்டது எல்லாம் எனக்குத் தெரியும். உங்க கைதான் அக்கா என்று சொன்னால், சின்னவள் நெருங்கி வருகிறாள் என்று அவள் பிடித்திருக்கும் ஒரே கயிறும் அறுந்துபோகும்.

"பாக்கலக்கா," என்றேன்.

அன்று பிரார்த்தனையில் உட்கார்ந்து அந்தப் பொய்யை ஆண்டவன் முன்னால் வைத்தேன். உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டேன், நீ பார்த்துக்கொள் என்றேன். சொல்லாமல் விட்டது சரியா என்று மூன்று நாள் மருகினேன். நல்ல வைத்தியர் யாரிடமாவது கூட்டிப்போகலாம், பல் டாக்டரையே ஆள் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அவரே வந்தார். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"புது கியர் பெட்டி அக்கா. வெளியூர்லேர்ந்து பார்சல்ல வரவழச்சேன். இப்பத்தான் தபால்ல வாங்கிட்டு நேரா வரேன். உள்ளே கிரீஸ் காணாதாம், பிரிச்சுப் போட்டுக் குடுங்க."

பிளாஸ்டிக் உறை ஒட்டியபடியே இருந்தது. அவரே தன் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்துக் கிழித்தார். நானும் பலகையைத் தாண்டி வந்து நின்று பார்த்தேன். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. மூன்று ஸ்க்ரூ. அக்கா கண்ணாடியை இடுக்கிக் குனிந்தாள். அப்படியே இருந்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"நீ பாத்துச் சொல்லு."

முதல் ஸ்க்ரூ. ஒரே ஒரு இறக்கையின் இடது ஓரம் கொறிபட்டிருந்தது. இரண்டாவது, அதே மாதிரி. மூன்றாவதும்.

அக்காவின் இடது கை எவ்வளவு நீளமானாலும் ஒட்டிய உறைக்குள் போயிருக்க முடியாது. நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.  அக்கா அட்டைப்பெட்டியைத் திருப்பினாள். பூட்டுகிற பட்டறையின் விலாசமும் போன் நம்பரும் சின்ன எழுத்தில் இருந்தன. ரயிலில் ஒரு பகல் தூரத்து ஊர்.

"டாக்டர், இந்தப் பெட்டிய நான் வச்சுக்கட்டா?"

"வச்சுக்குங்க," என்றார் அவர். கியர் பெட்டியைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஊருக்குப் போகிறேன் என்றவளை நான் எதற்குத் தடுப்பது? செவ்வாய்க்கிழமை நான் பார்த்தது உண்மை. இதுவும் உண்மை. அவளுக்குச் சொன்னது பொய்தானா என்பதுகூட எனக்கு அப்புறம் நிச்சயமாகத் தெரியவில்லை. "நானும் கூட வரட்டா அக்கா?" என்று மட்டும் கேட்டேன். "ஊர்ல எல்லாரும் கசங்கின சட்டையோட திரியவா? நீ இரும்மாடி," என்றாள்.

இரண்டு நாளில் புறப்பட்டாள். ஒரு கைப்பை, இருமல் மிட்டாய் டப்பா, ஒரே ஒரு திருப்புளி. விலாசம் இருந்த அட்டையை இரண்டாகக் கிழித்து, போன் நம்பர் இருந்த பாதியை என் மேசை இழுப்பறையில் வைத்தாள்.

ஒரு மாதம் ஆயிற்று. அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. திங்கட்கிழமைகளில் டாக்டர் வருவார், மூடிக்கிடக்கும் பக்கத்தைப் பார்ப்பார், போய்விடுவார். நாற்பதாவது நாள் மத்தியானம் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஆண் குரல் எடுத்தது. பின்னால் இயந்திரச் சத்தம்.

"உங்க பட்டறைக்கு ஒரு அம்மா தேடிட்டு வந்தாங்களா? வயசு அம்பத்தஞ்சு இருக்கும். அவங்க கூடப் பிறந்தவங்களத் தேடி."

"அப்படி யாரும் தேடி வரலியேம்மா."

"இடது கையால ஸ்க்ரூ இறுக்குறவங்க யாராச்சும் அங்க வேல பாக்குறாங்களா?"

"இருக்காங்க, ஒருத்தங்க. உங்க சொந்தமா? வேலை நல்ல வேகம். ஆனா ஸ்க்ரூத் தலையக் கடிச்சு வைக்காதீங்கன்னு சொன்னா கேக்கமாட்டேங்குறாங்க."

"எப்பச் சேந்தாங்க? பழைய ஆளா, புதுசா?"

"தெரியலம்மா. நானே இங்க வந்து பத்து நாள்தான் ஆகுது. வயசானவங்க. கூப்பிடட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் காலடி வந்தது. போனை யாரோ எடுத்தார்கள். மூச்சு கேட்டது.

"அக்கா இருக்காளா அங்க?"

மெல்லிசான, அவசரக் குரல். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னைக் கேட்ட அதே கேள்வி. அதே குரலா என்று கேட்டால், போனில் எல்லாக் குரலும் ஒரு மாதிரிதான் இருக்கும். சின்னவள்தான் பேசினாளா, அக்காதான் சின்னவளாகிப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறாளா, எனக்குத் தெரியாது. ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது. புறப்பட்ட அன்று அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஆடாமல் நின்ற பெட்டிக் கைப்பிடியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. அன்று அவள் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல், அந்த மூச்சுச் சத்தத்துக்குச் சொன்னேன்.

"ஒருவேள நான் அங்க போறப்ப அவ இங்க வந்து நின்னா, அக்கா உன்னத் தேடித்தான் போயிருக்கான்னு சொல்லு. அன்னிக்கு அது உன் கை இல்ல தங்கச்சி, கம்பெனிக் கோளாறுதான்னு நான் சொன்னதாச் சொல்லு."